வாழ்நாள் எண்ணெய்

ருஸ்தாவி சந்தையில் அதை வாங்கியபோது
முன்பக்க பம்பர் இல்லை. பரவாயில்லை,
எங்கள் ஊரில் பாதி வண்டிக்கு இல்லை.
கறுப்பு மெர்சிடிஸ். பன்னிரண்டு வயது.
ஓடியது தொண்ணூற்றோராயிரம் என்றது மீட்டர்.
பிரேக் மிதியின் தேய்ந்த ரப்பர்
வேறு கணக்கு சொன்னது.
விற்றவன் என் முகத்தைப் பார்க்காமல்
கூரையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

குதாயிசி வரை நான்கரை மணி நேரம்
நான் ராணி.
விடிந்து பார்த்தால்
இடது முன்காலை மடக்கி
ஒட்டகம்போல் உட்கார்ந்திருக்கிறது.
"டயரில் காற்றில்லை" என்றாள் மேல்வீட்டு எத்தேரி.
டயரில் இருக்கிறது.
போனது அதற்கும் மேலே,
பணக்காரர்களின் முதுகு நோகாதிருக்க
காற்றையே வில்லாக வைத்த இடத்தில்.

மல்ஹாஸின் பட்டறை ரியோனி ஆற்றோரம்.
அடியில் புகுந்தான். விளக்கு கேட்டான்.
வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"எதெல்லாம் உடைந்திருக்கிறது?"
"இன்னும் எதுவும் இல்லை."
அந்த இன்னும்-ஐ மட்டும்
கிரீஸ் கையோடு என் பக்கம் தள்ளினான்.

தண்ணீர் பம்ப் கசியப் பார்க்கிறது.
குளிர்நீர்க் குழாயை விரலால் அழுத்தினான்,
பிஸ்கட்டாய் நொறுங்கியது.
கியர்பெட்டி எண்ணெய் மட்டும்
வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாமாம்,
புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன்.
"யாருடைய வாழ்நாள்?"

திருகைக் கழற்றினான்.
கருகிய கஷாயம் வடிந்து முடிந்ததும்
அடியிலிருந்த காந்தத்தை எடுத்துக் காட்டினான்,
சாம்பல் நிறத்தில் மாவு அப்பியிருந்தது.
"இதன் பற்கள்."

நான் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள்.
வலித்த பிறகு வராதீர்கள், வலிக்குமுன் வாருங்கள் என்று
பதினேழு வருடமாய்ச் சொல்கிறேன்.
வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள்
வேறு வழியில்லாமல் தலையாட்டுவார்கள்.
பிறகு ஒருநாள் கன்னம் வீங்கி வருவார்கள்.
பட்டறையில்
நான் தலையாட்டினேன்.

நாலாயிரத்து முந்நூறு லாரி.
யானையை வாங்கியாயிற்று,
கரும்புக்கா அழுவது?
அழுதேன், கொஞ்சம், கழிப்பறையில்.
அங்கே சோப்புக்குப் பதில் மரத்தூள் வைத்திருந்தான்.

கடைசி நாள் சும்மா ஒரு பார்வைக்கு
சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தான்.
பாதிக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு.
கோட்டுக்கு அப்பால் நெசவின் இடுக்கெல்லாம்
மெல்லிய மணல்.
"குளித்திருக்கிறது" என்றான்.
"நம் ஆற்றிலா?"
உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான்.
"இந்த மண்ணை எனக்குத் தெரியாது."

எந்த நாடு, எந்த மழை?
ஸ்டீயரிங் வரை தண்ணீர் ஏறியபோது
பெல்ட் போட்டிருந்ததா, கழற்றியிருந்ததா?
அதை மாற்றவா என்று கேட்டான்.
பிடிக்கிறதா என்றேன். வெடுக்கென்று இழுத்தான்,
பிடித்தது.
இருக்கட்டும் என்றேன். ஏன் என்று தெரியவில்லை.
மற்ற எல்லாவற்றையும் மாற்றச் சொன்னவள்தான்.

நவம்பரில் தங்கை லமாராவை ஏற்றிக்கொண்டு
ரிக்கோத்தி கணவாய் ஏறினேன். பேய்மழை.
வழியெல்லாம் பானட் திறந்து புகை விட்டபடி
வண்டிகள் ஒதுங்கி நின்றன.
"அவ்வளவு கொட்டினாயே, என்ன கிடைத்தது?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
சூடு முள் நடுவில் நின்றது.
கியர் மாறியது, மாறியது தெரியாமல்.
ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை,
அதைக் கையில் எடுத்து
அவளுக்கு எப்படிக் காட்டுவது?

உச்சியில் ரொட்டிக்காக நிறுத்தி,
திரும்ப ஏறியபோது
அவள் பெல்ட்டைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டாள்.
"இதென்ன கறை?"

தேநீர் என்றேன்.
அவள் மடியில் விழுந்ததை
ரொட்டித் துகள் என்று தட்டிவிட்டாள்.